மூத்தவருக்குக் குறைந்த கட்டணம்: மீதியை யார் கட்டுவது?

டென்மார்க்கின் இஷொய் கொம்யூன் (நகராட்சி) கட்டடத்தில் கடவுச்சீட்டு எடுக்க வரும் இருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஒருவருக்கு வயது 62. பல ஆண்டுகளாக அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. சோப்புநீரில் தேய்ந்த விரல் என்பதால் கண்ணாடியில் வைத்ததும் ரேகை விழாது. பணியாளர் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தி வைக்கச் சொல்வார், மூன்றாம் முறையில் விழும். மற்றவருக்கு வயது 70. நல்ல பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்கடனை எப்போதோ கட்டி முடித்தவர், குளிர்காலம் வந்தால் ஸ்பெயினுக்குப் போய்விடுபவர். இருவர் கைக்கும் வந்து சேர்வது ஒரே சிவப்புப் புத்தகம்தான். தாள் ஒன்று, சிப் ஒன்று, செல்லுபடியாகும் காலமும் பத்து ஆண்டு என்று ஒன்றே. ஆனால் 62 வயதுக்காரர் ஏறத்தாழ 890 குரோனர் கட்டுகிறார், 70 வயதுக்காரர் ஏறத்தாழ 380 கட்டுகிறார். டென்மார்க்கில் அரச ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு, இன்றைய கணக்கில் 67 வயதானவர்களுக்கு, கடவுச்சீட்டு பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. இப்படிப்பட்ட சலுகையைப் பற்றிப் பேச்செழும்போது, முதியவர்களை மதிக்கிறோமா இல்லையா என்பதாகவே பேச்சு திரும்பிவிடுகிறது. மதிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. குறைத்த தொகையை யார் தலையில் வைப்பது என்பதுதான் அறம் சார்ந்த கேள்வி. அதைக் கேட்காமல் தரப்படும் சலுகை, தகுதியுள்ளவருக்கே போய்ச் சேர்ந்தாலும், இன்னொருவருக்கு அநீதியாக முடியலாம்.

முதலில், இது வெறும் சுற்றுலாச் செலவு அல்லவா, சலுகை எதற்கு என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் தேசிய அடையாள அட்டையைக் காட்டி அடுத்த நாட்டுக்குப் போகலாம். டென்மார்க்கில் அப்படிப் பயணத்துக்குச் செல்லும் அட்டை வழக்கத்தில் இல்லை. கொம்யூன் தரும் அடையாள அட்டை எல்லையில் உதவாது. நோர்டிக் நாடுகளைத் தாண்டினால், பக்கத்து ஜெர்மனிக்குக்கூட, கடவுச்சீட்டு வேண்டும். ஆகவே இந்த நாட்டில் நகர்வதற்கான உரிமைக்கு அரசு வைத்திருக்கும் வாசல் ஒன்றே ஒன்று, அந்த வாசலில் கட்டணம் வாங்குவதும் அரசே. வேறு கடைக்குப் போய் மலிவாக வாங்க முடியாத பொருளுக்கு விலை வைக்கும்போது, அந்த விலைக்குக் காரணம் சொல்லும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது.

புலம்பெயர்ந்தோருக்கு இந்த வாசல் இன்னும் நெருக்கமானது. கொப்பன்கேகனுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் இருக்கும் இஷொய், நாட்டிலேயே வெளிநாட்டுப் பின்னணி கொண்டோர் விகிதம் மிக உயர்ந்த கொம்யூன்களில் ஒன்று. 1960களின் கடைசியிலும், 1973 நவம்பரில் டென்மார்க் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவை நிறுத்தும் வரையிலும், துருக்கியிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கு வந்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. 1980களில் வந்த ஈழத்தமிழ் அகதிகள் முதலில் யூலாண்டின் சிறு நகரங்களில் சிதறிக் குடியேற்றப்பட்டார்கள். அவர்களும் இப்போது ஓய்வூதிய வயதின் வாசலில் நிற்கிறார்கள். ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் அண்ணன் ரொறன்ரோவில், தங்கை பாரிசில், பெற்ற பிள்ளை லண்டனில், தாயின் சாம்பல் கீரிமலைக் கடலில் என்று இருப்பது விதிவிலக்கல்ல. அந்தக் குடும்பத்தின் மூத்தவருக்குச் செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் பேரப்பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கும் போவதென்றால் கடவுச்சீட்டு இல்லாமல் முடியாது. அகதிப் பயண ஆவணம் வைத்திருந்த காலத்தில் உலகத்துக்கெல்லாம் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது என்ற விதியோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். டெனிஷ் குடியுரிமை கிடைத்து, அந்தச் சிவப்புப் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் பலாலி வீதியையோ பருத்தித்துறைக் கடலையோ மறுபடி பார்த்தவர்கள் பலர்.

இந்தத் தலைமுறையின் கதையில் டெனிஷ் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. 1987இல் நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகள் தம் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளக் கொடுத்த விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக ஒதுக்கி வைக்கச் செய்தார். நீதிபதி மொன்ஸ் ஹோர்ன்ஸ்லெத்தின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தபோது பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அன்று காத்திருந்த மனைவிக்குத் தாமதமான ஒவ்வொரு ஆண்டும் இன்று ஓய்வூதியக் கணக்கில் குறைந்த ஓர் ஆண்டு. முழு ஓய்வூதியத்துக்கு 15 வயதுக்கும் ஓய்வூதிய வயதுக்கும் இடையில் 40 ஆண்டு இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது நீண்ட காலம் இருந்த விதி. 35 வயதில் வந்து சேர்ந்தவர் 67இல் 40இல் 32 பங்குதான் பெறுவார். இதைச் சொல்வது பழைய அநீதிக்கு 500 குரோனர் சலுகை ஈடாகும் என்பதற்காக அல்ல, அப்படிச் சொன்னால் அது அந்த அநீதியைச் சிறுமைப்படுத்துவதாகும். முதியவர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட பணப்பைகள் இருக்கின்றன என்பதைக் காட்டவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிக் கணக்குக்கு வரலாம். 890, 380 என்ற இரண்டு விலைகளும் ஒரே புத்தகத்தின் உண்மைச் செலவாக இருக்க முடியாது. செலவு 380ஐ ஒட்டியது என்றால், 62 வயதுக்காரரிடம் வாங்கும் மீதி 510 குரோனர் கட்டணம் என்ற பெயரில் வாங்கும் வரி. செலவு 890ஐ ஒட்டியது என்றால், 70 வயதுக்காரரின் 510 குரோனரை வேறு யாரோ கட்டுகிறார்கள். செலவு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தால் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை, வேலை செய்யும் வயதினர் முதியவரின் பங்கைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். பத்தாயிரம் மூத்தவர்கள் சீட்டு எடுத்தால் இந்த வித்தியாசம் 51 இலட்சம் குரோனர் ஆகிறது. சலுகை இல்லாவிட்டால் அவர்களில் ஒரு பகுதியினர் சீட்டே எடுத்திருக்க மாட்டார்கள் என்பதால் முழுத்தொகையையும் இழப்பு என்று எழுதிவிட முடியாதுதான். ஆனால் ரயில் சலுகையோடு இதை ஒப்பிட்டு, அரசுக்கு ஒன்றும் நட்டமில்லை என்று சொல்வது சரியாகாது. மூத்தவருக்குக் குறைந்த டிக்கெட் கொடுக்கும் ரயில் எப்படியும் ஓடப்போகிறது, காலியாக இருந்த இருக்கையில்தான் அவர் உட்காருகிறார். கடவுச்சீட்டில் காலி இருக்கை கிடையாது. ஒவ்வொருவருக்கும் புதிதாகப் புத்தகம் அச்சாக வேண்டும், சிப் எழுதப்பட வேண்டும், ஓர் ஊழியர் நேரம் ஒதுக்கி விரல்ரேகை எடுக்க வேண்டும். தேய்ந்த விரல்களுக்கு அந்த நேரம் கூடத்தான் ஆகும்.

இந்த இடைவெளி வளர்ந்த விதத்தையும் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வயதுவந்தோர் கட்டணம் 626 குரோனர், மூத்தவர் கட்டணம் 376. வித்தியாசம் 250. பிறகு முதல் கட்டணம் 890ஐ ஒட்டி ஏறியது, இரண்டாவது கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. மூத்தவர்களுக்கு ஒரு குரோனர்கூடக் குறைக்கப்படவில்லை, ஆனாலும் அவர்களுடைய சலுகை இரண்டு மடங்காகிவிட்டது. மற்றவர்களுக்கு ஏற்றியதால் கூடிய சலுகை இது. முதியோருக்கு இன்னும் 250 குரோனர் தள்ளுபடி தரலாமா என்று நேராகக் கேட்டு முடிவெடுப்பது வேறு, ஒரு விலையை மட்டும் ஏற்றி அந்த முடிவு தானாக அமைந்துவிட விடுவது வேறு. முன்னதில் யார் தருகிறார்கள் என்பது தெரிகிறது. பின்னதில் அது விலைப்பட்டியலுக்குள் மறைந்துவிடுகிறது.

வேறு நாடுகள் இதே சலுகையை எந்த நியாயத்தின் மீது நிறுத்தியிருக்கின்றன என்பது டென்மார்க்கின் நிலையைத் தெளிவாக்கும். பிரித்தானியா 2004இல், 1929 செப்டெம்பர் 2 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்குக் கடவுச்சீட்டை இலவசமாக்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது 16 வயதாவது ஆகியிருந்தவர்கள் அவர்கள். அது வயதுக்குத் தந்தது அல்ல, ஒரு தலைமுறைக்குச் சொன்ன நன்றி. அந்தத் தலைமுறையோடு செலவும் முடிந்துவிடும், அதனால் அதை வருங்காலத்தின் மேல் ஏற்றிய சுமை என்று யாரும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 75 வயதை எட்டியவர் விரும்பினால் பத்தாண்டுச் சீட்டுக்குப் பதிலாக ஐந்தாண்டுச் சீட்டை ஏறத்தாழப் பாதி விலைக்கு எடுக்கலாம். பயன்படும் காலத்துக்கு ஏற்ற விலை என்பதால் அங்கே பெருமளவுக்கு யாரும் யாருக்காகவும் கட்ட வேண்டியதில்லை. 82 வயதுக்காரரிடம் 92 வயது வரைக்குமான பணத்தை முன்கூட்டியே வாங்குவதில் உள்ள கசப்பு அந்த ஏற்பாட்டில் இல்லை. இந்தியாவில் 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் ஐம்பதாண்டு நிறைவின்போது, 2017 ஜூனில், வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் எட்டு வயதுக்குட்பட்டோருக்கும் அறுபது வயதைத் தாண்டியோருக்கும் 10 சதவீதக் குறைப்பை அறிவித்தார். 1500 ரூபாயில் 150 ரூபாய். மரியாதை என்ற அளவில் அது நல்ல காரியம். ஆனால் அதே ஆண்டு தலைமை அஞ்சலகங்களில் கடவுச்சீட்டுச் சேவை மையங்களைத் திறக்கத் தொடங்கியது முதியவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி. மாவட்டத் தலைநகரைத் தாண்டி இன்னொரு நகரத்துக்கு, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு, ஒருநாள் கூலியையும் இழந்து போய்வரும் செலவில் 150 ரூபாய் எம்மாத்திரம்? டென்மார்க்கின் சலுகை இவற்றில் எதையும் பின்பற்றவில்லை. நன்றியும் பயன்படும் காலமும் ஏழ்மையும் அங்கே கணக்கில் இல்லை. ஓய்வூதிய வயதை எட்டியாயிற்றா என்பது ஒன்றே அளவுகோல்.

அந்த அளவுகோலுக்கு வலுவான ஒரு வாதம் உண்டு. சாதியாலோ நிறத்தாலோ பிறப்பாலோ பிரித்தால், ஒரு பக்கத்தில் இருப்பவர் சாகும்வரை அந்தப் பக்கத்திலேயே இருப்பார். வயது அப்படியல்ல. இன்று முழுவிலை கட்டும் 30 வயதுக்காரர் நாளை குறைந்த விலை கட்டுவார். வாழ்நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாரும் ஒரே அளவுதான் கட்டுகிறார்கள், ஆகவே இதில் அநீதியே இல்லை என்பது அந்த வாதம். எல்லாரும் ஒரே வயதிலிருந்து இந்த நாட்டில் வாழ்ந்து, எல்லாரும் ஒரே அளவு முதுமையை அனுபவித்தால் இது முழுக்கச் சரி. உண்மையில் கடும் உடலுழைப்புச் செய்தவர்களும் குறைந்த வருமானம் உள்ளவர்களும் சராசரியாக முன்னதாகவே இறக்கிறார்கள், முன்னதாகவே நோய்வாய்ப்படுகிறார்கள். டெனிஷ் அரசே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2019 தேர்தலுக்கு முன் சமூக ஜனநாயகக் கட்சி, ஆர்னே யூல் என்ற மதுபானத் தொழிற்சாலைத் தொழிலாளியை முன்னிறுத்தி, உடம்பு தேய்ந்தவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு வேண்டும் என்று கேட்டது. 2022 முதல் நடைமுறையில் உள்ள அந்த ஆர்னே பென்சனுக்கு, 61 வயதில் குறைந்தது 42 ஆண்டு உழைப்புச் சந்தையில் இருந்திருக்க வேண்டும். அதாவது 19 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். 28 வயதில் அகதியாக வந்து மறுவாரமே வேலைக்குப் போயிருந்தாலும் அந்தக் கணக்குக்குள் வர முடியாது. ஆக, பிந்தி வந்தவர், உடம்பு தேய்ந்தவர், குறைந்த காலம் வாழப்போகிறவர் ஆகியோர் வாழ்நாளில் முழுவிலைச் சீட்டுகளையே அதிகம் வாங்குகிறார்கள். நெடுங்காலம் வாழும் வசதியானவர் சலுகைச் சீட்டு இரண்டு வாங்குகிறார். வாழ்நாள் கணக்கு சமமாகும் என்ற வாதம், இஷொயின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்பவர்களிடம் வரும்போது உடைந்துவிடுகிறது.

அப்படியானால் வயதை விட்டுவிட்டு வருமானத்தைப் பார்த்துச் சலுகை கொடுக்கலாமே என்று தோன்றும். டென்மார்க்கில் முதியோர் வறுமை வளர்ந்த நாடுகளிலேயே மிகக் குறைந்த அளவில் இருப்பதால் இந்த யோசனைக்கு வலு கூடுகிறது. நடைமுறையிலும் அது எளிது. மருந்து, பல், கண்ணாடி, வீட்டுச் சூடேற்றம் ஆகிய செலவுகளுக்கு உதவ, ஓய்வூதியம் பெறும் ஒவ்வொருவருக்கும் வருமானத்தை வைத்து ஒரு தனிநபர் சதவீதம் ஏற்கெனவே கணக்கிடப்படுகிறது. அதே எண்ணைக் கடவுச்சீட்டுக்கும் பயன்படுத்தலாம். ஆனாலும் இதில் தயங்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் சீட்டுக்காக ஒரு முதியவரின் வருமான நிலையை இன்னொரு கவுண்டரில் இன்னொரு ஊழியர் திரையில் பார்ப்பது அவருக்கு உறுத்தும். எங்கள் மூத்தவர்களில் பலர், ஏழை என்று காட்டி வாங்குவதைவிட முழுவிலையைக் கட்டிவிட்டுப் போவார்கள், அல்லது சீட்டே எடுக்காமல் இருந்துவிடுவார்கள். சலுகை மிகவும் தேவைப்பட்டவரே அதைக் கேட்காமல் விடும் விதி நல்ல விதியாகாது. பிறந்த தேதியை மட்டும் பார்க்கும் விதிக்கு இருக்கும் கண்ணியம் இதுதான். அந்தக் கண்ணியத்துக்காக வசதியான சிலருக்கும் சலுகை போய்ச் சேருவதை ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ளும் விலையை வரிசையில் அடுத்து நிற்கும் துப்புரவுத் தொழிலாளியிடம் கேட்பதைத்தான் ஏற்க முடியாது.

பொது வரியிலிருந்து கொடுப்பதற்கும் கட்டணத்துக்குள் மறைத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வருமான வரி அதிகம் உள்ளவரிடம் அதிகமாக வாங்குகிறது. ஓய்வூதியத்துக்கும் வரி உண்டு என்பதால் வசதியான 70 வயதுக்காரரும் தன் பங்கைக் கட்டுகிறார். கடவுச்சீட்டுக் கட்டணத்துக்கு அந்தக் கண் கிடையாது. மேலாளரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே 890 கட்டுகிறார்கள். முதியவருக்குக் கைகொடுப்பது சமூகம் முழுவதன் கடமை என்றால், அதைச் சமூகம் முழுவதும் அவரவர் வலுவுக்கு ஏற்பச் சுமக்க வேண்டும். இந்த ஆண்டு பயணம் செய்யவேண்டிய அவசரத்தில் இருப்பவர் மட்டும் சுமப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இதெல்லாம் பத்தாண்டுக்கு 510 குரோனர் விஷயம், ஆண்டுக்கு 51 குரோனர், இதற்கா இத்தனை விசாரம் என்று ஒருவர் கேட்கலாம். தொகை சிறியது என்பது உண்மைதான். ஆனால் அந்த நியாயம் இரண்டு பக்கமும் வெட்டும். மூத்தவருக்கும் அதே 51 குரோனர்தான் மிச்சமாகிறது. அதோடு கடவுச்சீட்டுப் பணம் ஆண்டுக்கு ஆண்டு பிரித்துக் கட்டப்படுவதில்லை. திடீரென்று ஊரில் ஒரு சாவு, இரண்டு பெரியவர்களுடைய சீட்டும் காலாவதி, பிள்ளைகளின் சீட்டு ஐந்தே ஆண்டு என்பதால் அவையும் முடிந்துவிட்டன என்ற நிலையில், விமானச் சீட்டுக்கு முன்னால் ஒரே நாளில் வந்து நிற்கும் செலவு அது. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்துச் செலவு செய்யும் வீட்டில், பெரியவர்கள் இருவருக்கு மட்டுமே ஆகும் 1,780 குரோனர் சிறு தொகை அல்ல.

செய்யவேண்டியது கடினமானதும் அல்ல. ஒரு புத்தகத்துக்கு உண்மையில் ஆகும் செலவு எவ்வளவு என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி, வயதுவந்தோர் கட்டணத்தை அந்த எல்லைக்குள் நிறுத்தலாம். மூத்தவர் கட்டணம் அதைவிடக் குறைவாக இருக்கட்டும், வித்தியாசத்தை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக எழுதிக் கருவூலம் கட்டட்டும். வேண்டுமென்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவைப்போல் ஐந்தாண்டுச் சீட்டும் வைக்கலாம். அப்போது உண்மைச் செலவு 380க்கு அருகில்தான் என்று தெரியவந்தால், மூத்தவர்களுக்குத் தனிச் சலுகையே தேவைப்படாமல் போகலாம். அதுவும் நல்லதே.

இதை இப்போதே செய்யவேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓய்வூதிய வயது 2030இல் 68 ஆகும், 2035இல் 69. 2025 மே மாதம் டெனிஷ் நாடாளுமன்றம் 81க்கு 21 என்ற வாக்குக் கணக்கில் அதை 2040இல் 70 ஆக்கியது. அந்த விவாதம் முழுவதும் உழைப்பு, ஆயுட்காலம், அரசின் நிதிநிலை ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. ஆனால் சலுகையின் எல்லை ஓய்வூதிய வயதோடு கட்டப்பட்டிருக்கும்வரை, கடவுச்சீட்டுக்கான முடிவும் அந்த வாக்கெடுப்பிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. 67 வயதுக்காரருக்கு இன்று கிடைப்பது 2040இல் அதே வயதுக்காரருக்குக் கிடைக்காது. கடவுச்சீட்டுக்கு மட்டும் ஒரு தனி வயதைச் சட்டத்தில் எழுதிவைக்க ஒரு சிறு திருத்தம் போதும். அந்த வயது 65ஆ 67ஆ என்பதையும், ஒவ்வோர் ஆண்டும் அதற்கு எத்தனை குரோனர், எந்தக் கணக்கிலிருந்து போகும் என்பதையும் அதே மசோதாவில் எழுதி, உறுப்பினர்கள் பெயர் சொல்லி வாக்களிக்கட்டும்.